வைகையில் விழும் பாட்டில் கடலுக்குப் போகுமா? மதுரை மாணவர்களின் தூய்மைப் பணி குறித்து ஒரு விளக்கம்

செப்டம்பர் மாதத்தின் மூன்றாம் சனிக்கிழமை பன்னாட்டுக் கடற்கரைத் தூய்மை நாள். 1986இல் அமெரிக்காவின் டெக்சஸ் கடற்கரையில் தொடங்கிய வழக்கம் இது. அந்த நாளையொட்டி, கையுறையும் சாக்கு மூட்டையுமாகக் கல்லூரி மாணவர்கள் வைகை மணலில் இறங்கி நிற்கும் படங்கள் செய்தித்தாள்களின் மதுரைப் பக்கங்களில் வருகின்றன. பின்னால் கட்டிய பதாகையில் ‘கடலைக் காப்போம்’ என்று இருக்கும். பார்க்கிறவருக்குச் சந்தேகம் வருவது நியாயம்தான். கடல் இங்கிருந்து ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. வைகையோ கடலில் கலக்காத ஆறு என்றே பேர் வாங்கியது. பிறகு மதுரையில் வைகையின் குறுக்கே உள்ள ஏ.வி. பாலத்தடியில் பொறுக்கும் பாட்டிலுக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம்? சம்பந்தம் இருந்தாலும், ஒரு காலைப் பொழுது வேலையால் என்ன ஆகிவிடும்?

முதல் கேள்விக்கு விடை தெரிந்தால்தான் இரண்டாவதைப் பேச முடியும்.

கடல் குப்பையின் கணக்கு மாறிய கதை

கடலில் சேரும் பிளாஸ்டிக் பற்றி அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் எண் 2015இல் வெளியான ஓர் ஆய்விலிருந்து வருவது. 2010ஆம் ஆண்டில் மட்டும் 48 லட்சம் டன் முதல் 1.27 கோடி டன் வரை பிளாஸ்டிக் நிலத்திலிருந்து கடலுக்குள் போனது என்று அது மதிப்பிட்டது. ஆனால் அந்த ஆய்வு கடற்கரையிலிருந்து 50 கிலோமீட்டருக்குள் வாழும் மக்களின் குப்பையைத்தான் கணக்கில் எடுத்தது. மதுரை போன்ற உள்நாட்டு நகரங்கள் அந்தக் கணக்கிலேயே இல்லை.

2017இல் வந்த வேறோர் ஆய்வு ஆறுகளைப் பார்த்தது. ஆறுகள் வழியாகக் கடலுக்குப் போகும் பிளாஸ்டிக்கில் 88 முதல் 95 சதவீதம் வரை பத்தே ஆறுகள் கொண்டு சேர்க்கின்றன என்றது. ‘பத்து ஆறுகளைச் சரிசெய்தால் போதும்’ என்ற பேச்சு அப்போது பரவியது. 2021இல் அந்த எண்ணமும் அடிபட்டது. மழை அளவு, நிலத்தின் சரிவு, குப்பை விழும் இடத்துக்கும் ஆற்றுக்கும் உள்ள தூரம், ஆற்றிலிருந்து கடலுக்கு உள்ள தூரம் ஆகியவற்றையெல்லாம் சேர்த்துப் போட்ட புதிய கணக்கின்படி, ஆறுகள் ஆண்டுக்கு 8 லட்சம் முதல் 27 லட்சம் டன் வரை கடலுக்குத் தள்ளுகின்றன. அதில் 80 சதவீதத்துக்குப் பொறுப்பு ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆறுகள். பெரிய ஆறுகளைவிட, நகரத்துக்குள் ஓடும் சின்ன ஆறுகளும் கால்வாய்களும்தான் கவனிக்க வேண்டியவை என்பது இதிலிருந்து வந்த முடிவு.

பிளாஸ்டிக் என்று ஒரே பெயரில் அழைத்தாலும் அது பல பொருள்கள். ஒரு குடிநீர் பாட்டிலை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் உடல் பெட் எனப்படும் வகை. அடியில் முக்கோணத்துக்குள் 1 என்று இருக்கும். அது தண்ணீரைவிடக் கனமானது. மூடி பெரும்பாலும் 2 அல்லது 5ஆம் வகை, தண்ணீரில் மிதக்கும். மேலே சுற்றிய லேபிளும் பொதுவாக மிதக்கும் வகைதான். மூடி திருகியிருக்கும்வரை உள்ளே இருக்கும் காற்றால் பாட்டில் மிதந்து போகும். எங்காவது மோதி விரிசல் விட்டால் உடல் சேற்றில் அமிழும். மூடி மட்டும் பயணத்தைத் தொடரும். கடற்கரைகளில் பாட்டில் மூடிகள் அவ்வளவு கிடைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

வெயிலில் காய்ந்து நொறுங்கி 5 மில்லிமீட்டருக்கும் சிறிதாகிவிட்ட துணுக்குகளுக்கு நுண்பிளாஸ்டிக் என்று பெயர். அந்த நிலைக்குப் போன பிறகு கையால் பொறுக்க வழியில்லை.

வைகை கடலில் கலக்கிறதா?

சிவனுக்கு நஞ்சு கொடுத்த கடலோடு சேரமாட்டேன் என்று வைகை விலகிப் போனதாகப் புலவர்கள் பாடி வைத்தார்கள். கற்பனை அழகானது. ஆனால் ஆறு முழுவதுமாக விலகிவிடவில்லை. வருசநாட்டு மலையில் தோன்றி ஏறத்தாழ 258 கிலோமீட்டர் ஓடும் வைகை, வழிநெடுகக் கண்மாய்களுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டே போய் ராமநாதபுரம் பெரிய கண்மாயில் முடிகிறது. பெரிய கண்மாய் நிரம்பினால் உபரி நீர் ஆற்றங்கரை என்ற ஊருக்கு அருகே பாக் நீரிணைக் கடலில் சேர்கிறது. மழை நன்றாகப் பெய்த ஆண்டில் மட்டும் நடப்பது இது.

ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு குப்பையைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கடத்தும். வைகை அப்படியல்ல. மதுரைக்குள் வைகை மணல் ஒரு கிட்டங்கி. பல மாதம் சரக்கைச் சேர்த்துவைத்து, சில நாட்களில் மொத்தமாக அனுப்புகிறது. மாத வரிசையில் பார்த்தால் இப்படி இருக்கும்:

1. சித்திரை. அழகர் ஆற்றில் இறங்குவதற்காக வைகை அணையிலிருந்து தண்ணீர் திறந்து விடுகிறார்கள். லட்சக்கணக்கில் மக்கள் கூடுகிறார்கள். மண்டகப்படிக்கு மண்டகப்படி மோர், பானகம், அன்னதானம். ஒரு காலத்தில் தொன்னையும் வாழையிலையும் இருந்த இடத்தில் இப்போது கப்பும் பாட்டிலும். தூய்மைப் பணியாளர்கள் இரவோடு இரவாக எவ்வளவு அள்ளினாலும், மணலுக்குள் மிதிபட்டுப் புதைந்தது தங்கிவிடும்.

2. வைகாசி முதல் ஆவணி வரை. வெயில். மெல்லிய பைகள் விறைத்து, தொட்டால் பொடியாகும் பதத்துக்கு வருகின்றன. பொறுக்குவதற்குரிய காலம் கழிந்துகொண்டிருக்கிறது.

3. புரட்டாசி, ஐப்பசி. நகரத்துக்குள் பெய்யும் முதல் பெருமழை தெருக்குப்பையைக் கால்வாய்களுக்குள் தள்ளுகிறது. வடகரையில் செல்லூர்க் கண்மாயிலிருந்து வைகைக்கு வரும் பந்தல்குடி கால்வாய் இதற்கு நல்ல உதாரணம். 2024 அக்டோபரில் பெய்த மழையில் செல்லூர்ப் பகுதியில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. அடைபட்ட கால்வாயில் குப்பையும் ஆகாயத்தாமரையும் மண்ணும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கும். தண்ணீருக்குப் போக வழி இருக்காது. கடலைப் பற்றிக் கவலைப்படாதவருக்கும் இது வீட்டு வாசல் பிரச்சினை.

4. கார்த்திகை. ஆற்றில் வெள்ளம் வரும்போது விரகனூர் மதகு அணை, பிறகு பார்த்திபனூர் மதகு அணை என்று கடந்து, பிரியும் ஒவ்வொரு கால்வாயிலும் குப்பையும் பங்கு பிரிந்து கண்மாய்களுக்குள் போகிறது.

5. மார்கழி வரை. பெரிய கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்தால், மிச்சம் கடலுக்கு.

நகரத்தின் தென்பாதியில் விழும் குப்பைக்கு வழி வேறு. கிருதுமால் நதி வைகையில் சேராமல் குண்டாற்றுப் படுகைக்குள் போகிறது; குண்டாறு மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. ஆக, ஒரே ஊரில் வடக்கே விழுந்தது ஒரு கடலுக்கும் தெற்கே விழுந்தது இன்னொரு கடலுக்கும் புறப்படுகிறது. பாக் நீரிணைப் பகுதி கடற்புல் படர்ந்த ஆழமற்ற கடல். கடற்பசு எனப்படும் ஆவுளியா மேயும் இடம். 2022இல் தஞ்சாவூர், புதுக்கோட்டை கடற்பகுதியில் 448 சதுர கிலோமீட்டரை அதற்கான பாதுகாப்புப் பகுதியாகத் தமிழக அரசு அறிவித்தது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் பவளப் பாறைகளும் 1986 முதல் தேசியப் பூங்காவுக்குள் இருக்கின்றன.

இந்த இடத்தில் மிகைப்படுத்தலையும் தவிர்க்க வேண்டும். மதுரையில் எறிந்த பை எல்லாம் கடலுக்குப் போகிறது என்பது பதாகைக்குப் பொருத்தமான வாசகம், உண்மை அதுவல்ல. பெரும்பகுதி வழியிலுள்ள கண்மாய்களில்தான் தங்குகிறது. மடையை அடைக்கிறது, கரையில் மேயும் மாட்டின் வயிற்றுக்குள் போகிறது, வயலில் உழும்போது கொழுமுனையில் சிக்குகிறது. கடல் குப்பையும் எல்லாம் நிலத்திலிருந்து போனதல்ல: பசிபிக் பெருங்கடலின் மிகப் பெரிய குப்பைத் திட்டை 2018இல் ஆராய்ந்தபோது, எடையில் 46 சதவீதம் மீன்பிடி வலைகள்.

கடலில் தொடங்கி ஆற்றுக்கு ஏறி வந்தவர்கள்

இந்தத் துறையில் இளைஞர்கள் முன்னால் நிற்கிறார்கள் என்று சொல்வது சம்பிரதாயப் பாராட்டு அல்ல. தொடங்கியவர்களின் வயதைப் பார்த்தாலே தெரியும். ஆனால் அவர்களில் யார் எந்த இடத்தில் கைவைத்தார்கள், பிறகு எங்கே நகர்ந்தார்கள் என்பதுதான் நமக்குப் பாடம்.

நெதர்லாந்தின் போயான் ஸ்லாட் 2013இல் தமது 18ஆம் வயதில் ‘தி ஓஷன் கிளீனப்’ அமைப்பைத் தொடங்கினார். நடுக்கடலில் நீண்ட மிதவை போட்டுக் குப்பையை வளைத்துவிடலாம் என்பது திட்டம். 2018 செப்டம்பரில் முதல் கருவி சான்பிரான்சிஸ்கோவிலிருந்து கடலுக்குப் போனது. குப்பை அதற்குள் நிற்கவில்லை. ஆண்டு முடிவதற்குள் கருவியே உடைந்தது. மிதவைகளில் கடல் மேற்பரப்பில் வாழும் சிற்றுயிர்களும் சிக்குமே என்று கடல் உயிரியலாளர்கள் எழுப்பிய கேள்வி இன்றும் முழுதாக அடங்கவில்லை. 2019இல் அந்த அமைப்பு ஆறுகளுக்கும் வந்தது: ஜகார்த்தாவிலும் மலேசியாவின் கிளாங் ஆற்றிலும் குப்பையைக் கடலுக்கு முன்பே மடக்கும் படகு போன்ற கருவிகளை நிறுத்தியது.

மும்பையில் வழக்கறிஞர் அப்ரோஸ் ஷா 2015 அக்டோபரில் வெர்சோவா கடற்கரையைச் சுத்தம் செய்யத் தொடங்கினார். 2016இல் ஐ.நா.வின் ‘புவிக் காவலர்’ விருது கிடைத்தது. 2018இல் அந்தக் கரையில் பங்குனி ஆமைக் குஞ்சுகள் கடலுக்கு இறங்கின. ஆனாலும் ஒவ்வொரு மழைக்காலத்திலும் கடல் புதிய குப்பையைக் கரையில் கொண்டுவந்து போட்டது. அவரும் பிறகு மித்தி ஆற்றுக்கு நகர்ந்தார்.

பாலித் தீவின் மெலாத்தி, இசபெல் விஜ்சென் சகோதரிகள் 2013இல் பிளாஸ்டிக் பைக்கு எதிராக இயக்கம் தொடங்கியபோது மூத்தவருக்கு 12 வயது, இளையவருக்கு 10. விமான நிலையத்தில் கையெழுத்து வாங்கினார்கள். இந்தியாவுக்கு வந்து காந்தியைப் பற்றி அறிந்துகொண்டு திரும்பியதும், ஆளுநர் சந்திக்கும்வரை பகல் நேர உண்ணாவிரதம் என்று அறிவித்தார்கள். சந்திப்பு நடந்தது. ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் பைகளுக்கும் உறிஞ்சு குழல்களுக்கும் பாலியில் தடை நடைமுறைக்கு வந்தது 2019இல். இடையில் ஆறு ஆண்டுகள். இவர்கள் கடலிலோ ஆற்றிலோ நிற்காமல், பை கடையிலிருந்து கிளம்பும் இடத்துக்கே போனவர்கள்.

அயர்லாந்தின் பியோன் பெரேரா, காந்தத் தன்மையுள்ள திரவத்தால் நீரிலிருந்து நுண்பிளாஸ்டிக்கைப் பிரிக்கும் முறைக்காக 2019இல் கூகுள் அறிவியல் கண்காட்சியில் முதல் பரிசு பெற்றார். ஆய்வுக்கூடத்துக்கு நல்ல செய்தி. கண்மாய்க்கு உடனடிப் பயன் இல்லை.

கடலில் ஆரம்பித்தவர்கள் எல்லோரும் மேலேறி வந்து நிற்கும் இடத்தில்தான் மதுரை மாணவர்கள் முதலிலிருந்தே நிற்கிறார்கள். இடம் சரி. இனிப் பார்க்க வேண்டியது, அங்கே நின்று என்ன செய்கிறார்கள் என்பதை.

மூட்டை கட்டிய பிறகு

படம் எடுத்து முடிந்ததும் மூட்டை எங்கே போகிறது என்பதைப் பெரும்பாலான செய்திகள் சொல்வதில்லை. சேறு படிந்த பிளாஸ்டிக்கை மறுசுழற்சிக்காரர் சீந்தமாட்டார். கழுவிய பெட் பாட்டிலுக்குக் காயலான் கடையில் விலை உண்டு. ஷாம்பு சாஷேக்கும் சிப்ஸ் உறைக்கும் சல்லிக்காசு கிடைக்காது. பிளாஸ்டிக்கும் அலுமினியமும் அடுக்கடுக்காக ஒட்டிய அந்த உறைகளைப் பிரிப்பது செலவு பிடித்த வேலை.

இங்கே மதுரைக்காரர்கள் நினைவுபடுத்தும் பெயர் ஒன்று உண்டு: தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன். துண்டாக்கிய பிளாஸ்டிக்கைச் சூடான ஜல்லியின் மேல் தூவி, அது உருகிப் படிந்த பிறகு தார் சேர்க்கும் முறையைக் கண்டறிந்தவர். 2018இல் பத்மஸ்ரீ பெற்றார். பெருமைப்பட வேண்டிய கண்டுபிடிப்பு என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அதற்குப் பிளாஸ்டிக் உலர்ந்து சுத்தமாக இருக்க வேண்டும், குழாய்கள் செய்யும் பி.வி.சி. வகை கலந்திருக்கக் கூடாது. வீட்டிலேயே பிரித்துக் கொடுத்த பை ரோடாகலாம். ஆற்றுச் சேற்றில் ஊறியது வெள்ளக்கல் குப்பைக் கிடங்குக்குத்தான் போகும், அதிகம் போனால் சிமென்ட் ஆலைச் சூளைக்கு எரிபொருளாகும். எனவே, எத்தனை கிலோ அள்ளினோம் என்ற கணக்கை வைத்து இந்தப் பணியை எடைபோடுவது பொருத்தமில்லை. அள்ளியதற்குள் என்ன இருந்தது என்பதே அதைவிட விலை உள்ள தகவல்.

பெயர் உள்ள குப்பை, பெயர் இல்லாத குப்பை

2018 முதல் 2022 வரை ஐந்து ஆண்டுகள், 84 நாடுகளில் தன்னார்வலர்கள் பொறுக்கிய குப்பையைத் தரையில் கொட்டி, ஒவ்வொன்றிலும் எந்த நிறுவனத்தின் பெயர் இருக்கிறது என்று எண்ணிக் குறித்தார்கள். பிராண்ட் தணிக்கை என்று இதற்குப் பெயர். அந்தக் குறிப்புகளை வைத்து எழுதிய ஆய்வு 2024இல் வெளியானது. பெயர் தெரிந்த குப்பையில் பாதிக்கு மேல் 56 நிறுவனங்களுடையது. முதலிடம் 11 சதவீதத்துடன் கோக கோலா. நிறுவனம் உற்பத்தி செய்யும் பிளாஸ்டிக் ஒரு சதவீதம் கூடினால், தெருவில் கிடக்கும் அதன் குப்பையும் ஏறக்குறைய ஒரு சதவீதம் கூடுகிறது. அதே ஆய்வில், எண்ணியவற்றில் பாதிக்கு மேல் எந்தப் பெயரும் இல்லை.

இந்தப் பிரிவினைதான் மதுரைக்கு முக்கியம். இரண்டு வகைக் குப்பைக்கும் இங்கே இரண்டு வேறு சட்டங்கள் உண்டு.

1. பெயர் இல்லாதது. பார்சல் வாங்கினால் சாம்பார், சட்னி கட்டித் தரும் கவர், பூக்கடைப் பை, டீக்கடை கப். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் 14 வகைப் பொருள்களுக்குத் தடை: எல்லாத் தடிமனிலும் பிளாஸ்டிக் பை, உணவு கட்டும் தாள், கப், தண்ணீர் பாக்கெட், உறிஞ்சு குழல் எல்லாம் அதில் அடக்கம். ஜவுளிக் கடைகளில் துணிப் பை என்று நம்பி வாங்கிவரும் நெய்யப்படாத பையும் அந்தப் பட்டியலில் உண்டு. அது துணியே அல்ல, பாலிபுரோப்பிலீன். நைந்தால் இழை இழையாகப் பிரியும். 2021 டிசம்பரில் தொடங்கிய ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் இதற்கு மாற்றாகத்தான். பெயர் இல்லாத குப்பை ஆற்றில் கூடுதலாகக் கிடைத்தால், தடையைச் செயல்படுத்துவதில் ஓட்டை என்று அர்த்தம். கேட்க வேண்டிய இடம் மாநகராட்சியும் மாசுக்கட்டுப்பாட்டு வாரியமும்.

2. பெயர் உள்ளது. குடிநீர் பாட்டில், சாஷே, பிஸ்கட் உறை. மாநிலத் தடையின் 14 பொருள்களிலும், 2022 ஜூலை 1இல் வந்த மத்திய அரசுத் தடையின் 19 பொருள்களிலும் குடிநீர் பாட்டில் இல்லை. இவற்றுக்குப் பொருந்துவது உற்பத்தியாளர் பொறுப்பு விதி. 2016 பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகளில் அடிப்படை போடப்பட்டு, 2022 பிப்ரவரியில் இலக்குகளோடு வந்தது. சந்தையில் விட்ட உறைக்கு ஈடான அளவைத் திரும்பச் சேகரித்து மறுசுழற்சி செய்ய வேண்டிய கடமை நிறுவனத்துக்கு உண்டு. நேரடியாகவோ, மறுசுழற்சி ஆலையிடமிருந்து சான்றிதழ் வாங்கியோ கணக்குக் காட்டலாம். காகிதத்தில் நன்றாக இருக்கும் ஏற்பாடு. சான்றிதழ்களிலேயே போலி புகுந்தது 2023இல் மத்திய மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தின் சோதனையில் அம்பலமானது.

சான்றிதழ் பொய் சொல்லலாம், விரகனூர் மதகில் சிக்கிய உறை பொய் சொல்லாது. மாணவர்கள் எண்ணி எழுதும் பட்டியலுக்கு அங்கேதான் மதிப்பு. ஒரே இடத்தில், ஒரே மாதத்தில், ஆண்டுதோறும் எண்ணினால் தடைக்குப் பின் எது குறைந்தது, எது கூடியது என்பது தெரியவரும்.

உலக அளவிலும் இழுபறி, உற்பத்தியாளரின் பொறுப்பு எதுவரை என்பதைப் பற்றியதே. 2022 மார்ச்சில் நைரோபியில், பிளாஸ்டிக் மாசுக்குச் சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் வேண்டும் என்று நாடுகள் முடிவெடுத்தன. 2025 ஆகஸ்டில் ஜெனீவாவில் நடந்த பேச்சும் உடன்பாடு இல்லாமல் கலைந்தது. உற்பத்திக்கே உச்சவரம்பு வேண்டும் என்று ஒரு தரப்பு; கழிவைச் சரியாகக் கையாண்டால் போதும் என்று இன்னொரு தரப்பு. மூலப் பிளாஸ்டிக் உற்பத்திக்கு வரம்பு கூடாது என்பதே இந்தியாவின் நிலை. ஆகவே நெருங்கிய காலத்தில் கையில் இருக்கும் கருவி உள்நாட்டு விதிகள்தான்.

மதுரைக்கு ஏற்ற வேலை முறை

1. காலம். செப்டம்பர் மூன்றாம் சனிக்கிழமை உலகத்துக்குப் பொதுவான தேதி என்றாலும், தற்செயலாக வைகைக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது: ஐப்பசி மழைக்குச் சற்று முன். சித்திரைத் திருவிழா முடிந்த மறுவாரம் இன்னொரு முறை இறங்கினால், வெயிலில் பொடியாவதற்கு முன்பே முழுசாக எடுக்கலாம். ஜூன் 5 சுற்றுச்சூழல் நாளில் மட்டும் சுத்தம் செய்வது, மழைக்கு முன் மீண்டும் நிரம்ப அவகாசம் கொடுப்பதாகிவிடும்.

2. இடம். பாலத்தடி மணல் படத்துக்கு நன்றாக இருக்கும். குப்பை சேர்வது பந்தல்குடி போன்ற கால்வாய்கள் ஆற்றில் வந்து விழும் வாயிலிலும், விரகனூர் மதகுக்கு மேற்புறத்திலும், கிருதுமால் கரையிலும். நாட்டு நலப்பணித் திட்டக் குழுக்கள் ஆளுக்கொரு கால்வாய் வாயை ஆண்டுக்கணக்கில் தங்கள் பொறுப்பில் வைத்துக்கொள்வது, ஒரே நாளில் ஆயிரம் பேர் ஆற்றில் நிற்பதைவிடப் பயன் தரும்.

3. மிதவைத் தடுப்பு. சென்னைக் கூவத்தில் போட்டிருப்பதுபோல் இங்கும் போடலாமே என்பது அடிக்கடி எழும் யோசனை. போடலாம், ஆனால் ஆற்றின் குறுக்கே அல்ல. மத்திய அமெரிக்காவின் குவாத்தமாலாவில், மழைக்கு மட்டும் பொங்கும் லாஸ் வாகாஸ் ஆற்றில் 2022இல் ஸ்லாட்டின் அமைப்பு நட்ட குப்பை வேலியை வெள்ளம் அடியோடு சரித்துவிட்டது. 2023இல் வேறு இடத்தில் இரண்டடுக்கு மிதவைகள் போட்ட பிறகே குப்பை நின்றது. திடீர் வெள்ளம் வரும் வைகைக்கும் அதே ஆபத்து. தண்ணீர் மெதுவாக வரும் கால்வாய்களின் வாயில்தான் மிதவை தாக்குப்பிடிக்கும். அங்கும் தேங்கியதை வாரத்துக்கு ஒருமுறையாவது அள்ளாவிட்டால், தடுப்பே அடைப்பாகிச் செல்லூர்க்காரர்களின் வீட்டுக்குள் தண்ணீரைத் திருப்பிவிடும். ஆற்றுக்கு நீர்வளத்துறை, நகரத்துக்குள் மாநகராட்சி என்று இரண்டு இடங்களில் அனுமதி பெற வேண்டிய வேலை இது. ஐப்பசிக்குள் மிதவை தண்ணீரில் இருக்க வேண்டுமானால், கல்லூரி திறந்த கையோடு ஆனியிலேயே விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும்.